ஆர், ஆர்ஸ்டூடியோ: உளவியல் மாணவரின் முதலாவது புள்ளிவிபர வகுப்புக்கு ஏற்றதா?

கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு உளவியலுக்கு வருகிற பிள்ளைக்குக் கணிதத்தோடான உறவு சாதாரணதரப் பரீட்சையோடு முடிந்திருக்கும். அந்தப் பிள்ளையை முதல் நாளே ஆர் (R) என்ற நிரலாக்க மென்பொருளுக்கு முன்னால் இருத்திப் புள்ளிவிபரவியல் தொடங்குவது சரியா? திருகோணமலையில் இப்படியொரு வகுப்பைத் தொடங்க நினைக்கிற எவரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். சரி என்பதே எங்கள் முடிவு. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு: உளவியல் தரவில் நடக்கிற மோசமான பிழைகள் கணக்கில் நடப்பதில்லை, கணக்குக்கு முன்னால் தரவில் கை வைக்கும்போது நடக்கின்றன. ஆரில் அந்தக் கைவைப்பு ஒவ்வொன்றும் எழுத்தில் நிற்கும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. ஆர் என்பது ஒக்லாண்ட் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் 1990களில் தொடங்கிய மொழி. முதலாவது முழுப்பதிப்பு 2000 பெப்ரவரி 29இல் வந்தது. ஆர்ஸ்டூடியோ அதன் மேல் அமர்கிற முகப்பு, 2011இல் வெளிவந்தது. அதைச் செய்கிற நிறுவனத்தின் பெயர் 2022இல் பொசிட் என்று மாறியது. இரண்டும் வேறு வேறு மென்பொருள்கள். ஆரை முதலில் நிறுவ வேண்டும், பிறகுதான் ஆர்ஸ்டூடியோ. ஆர்ஸ்டூடியோவை மட்டும் நிறுவிவிட்டு வேலை செய்யவில்லை என்று நிற்பது புதியவர்களிடம் அடிக்கடி காண்கிற முதலாவது சிக்கல்.

நிறுவுதலுக்கு ஒரு வகுப்பைத் தனியாக ஒதுக்குங்கள், அதில் பாடம் எதையும் வைக்காதீர்கள். ஆரின் நிறுவுகோப்பு 80 மெகாபைட் அளவில் வரும், ஆர்ஸ்டூடியோ 200 மெகாபைட்டைத் தாண்டும். 20 பேர் ஆளுக்காள் ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இறக்கினால் ஏறத்தாழ 6 ஜிகாபைட் டேட்டா ஒரே பின்னேரத்தில் போய்விடும். புல்மோட்டையிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு அது சின்னச் செலவு இல்லை. ஒரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனால் போதும். பொதிகளையும் (ஆரோடு சேர்த்து நிறுவுகிற துணைக் கருவித் தொகுப்புகளையும்) அப்படியே கொண்டுபோகலாம்: இணைய வசதியுள்ள ஒரு விண்டோஸ் கணினியில் வேண்டிய பொதிகளை எல்லாம் நிறுவி, அதன் பொதிக் கோப்புறையை முழுதாக நகலெடுத்து மற்றக் கணினிகளில் ஒட்டிவிடலாம். ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கணினியிலும் ஆர் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். 4.4இல் கட்டிய பொதியை 4.5இல் ஒட்டினால் சில பொதிகள் திறக்கும், சில திறக்காது, ஏன் என்று தேடியே வகுப்பு முடிந்துவிடும்.

கணினி விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேற்பட்டது, 64 பிட், 4 ஜிகாபைட் நினைவகம் என்றால் முதலாம் வருடப் பாடத்துக்குத் தாராளம். 32 பிட் விண்டோஸுக்கு ஆரின் 4.2 பதிப்பிலிருந்து ஆதரவு இல்லை. அண்ணா அக்காமாரிடமிருந்து கைமாறி வந்த பழைய லப்டொப்பென்றால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். லப்டொப்பே இல்லாதவருக்கு பொசிட் கிளவுட் என்ற இணையச் சேவை உண்டு. உலாவியிலேயே ஆர்ஸ்டூடியோ திறக்கும். இலவசக் கணக்குக்கு மாதாந்த மணித்தியால வரம்பு இருப்பதால் வகுப்பு நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஃபோன் திரையில் அது திறக்கும்தான், ஆனால் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் தட்டித் தட்டியே பிள்ளை களைத்துவிடும்.

நிறுவும்போது இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தாலோ, வேலைக் கோப்புறை இணையச் சேமிப்பான வன்டிரைவுக்குள் (OneDrive) இருந்தாலோ பொதி நிறுவுதல் இடையில் முறிய வாய்ப்பு அதிகம். ஆர் அந்தப் பாதையில் எழுத முயல்கிறது, பாதையில் உள்ள எழுத்தை ஏதோவொரு துணைநிரல் தவறாக வாசிக்கிறது, அல்லது ஒத்திசைவு நடந்துகொண்டிருப்பதால் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது. சீ டிரைவில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத பெயரோடு ஒரு கோப்புறை செய்து பொதிகளை அதற்குள் போடுங்கள். பாடநெறிக்கென ஆர்ஸ்டூடியோவில் ஒரு புரொஜெக்ட் திறந்து, தரவும் கட்டளைக் கோப்பும் அதற்குள்ளேயே இருக்கட்டும். கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற வழு இதோடு பெருமளவு நின்றுவிடும்.

இனி வகுப்பு. முதல் நாள் வெளித்தரவு எதுவும் வேண்டாம். ஆரோடு கூடவே வருகிற ‘ஸ்லீப்’ என்ற தரவுத்தொகுதி உளவியல் மாணவருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. 10 பேருக்கு இரண்டு மருந்துகள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மணித்தியாலம் கூடுதலாக உறங்கினார்கள் என்று பதிந்த 20 எண்கள். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கொசெட் 1908இல் தன் சோதனையை விளக்க எடுத்த அதே எண்கள்தான். முதல் மருந்தில் இடை 0.75 மணித்தியாலம், இரண்டாவதில் 2.33.

இந்த 20 எண்ணை இரு தனித்தனிக் குழு என்று எடுத்து, இரண்டு இடைகளை ஒப்பிடுகிற ரி-சோதனை (t-test) செய்தால் ரி −1.86, பி பெறுமானம் 0.079. சூனியக் கருதுகோளை, அதாவது இரண்டு மருந்துக்கும் வேறுபாடு இல்லை என்பதை, நிராகரிக்க முடியாது. அதே எண்களை, ஒரே ஆளின் இரண்டு அளவீடுகள் என்று சோடியாக எடுத்தால் ரி −4.06, சுயாதீனப் படி (degrees of freedom) 9, பி பெறுமானம் 0.0028. எண் ஒன்றும் மாறவில்லை. யார் யாரோடு சேர்ந்தவர் என்ற தகவலை ஆருக்குச் சொன்னோமா இல்லையா என்பதுதான் மாறியது. ஆளுக்காள் உறக்கம் எவ்வளவோ வேறுபடும்; சோடியாக எடுக்கும்போது அந்த வேறுபாடு கழிந்து போய் மருந்தின் வேறுபாடு மட்டும் மிஞ்சுகிறது. ஆய்வு வடிவமைப்பு என்பது ஏன் முக்கியம் என்று பல விரிவுரைகள் சொல்ல வேண்டியதை இந்த இரண்டு வரி காட்டிவிடும். கணினித் திரையில் இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, காரணத்தைப் பிள்ளைகளே தேடட்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய யூடியூப் பாடங்களிலும் குறிப்புகளிலும் உறக்கம், அலைக்குறி (~), குழு என்று சூத்திரமாக எழுதி, கடைசியில் ‘பெயர்ட் சமன் ட்ரூ’ (paired = TRUE) என்று சேர்ப்பார்கள். 4.4 பதிப்பிலிருந்து ஆர் அதை ஏற்காது, சிவப்பில் வழு காட்டி நிற்கும். பிள்ளை தன் எழுத்தில்தான் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கும். இரண்டு மருந்தின் எண்களையும் தனித்தனித் திசையனாக, அதாவது எண்வரிசையாக, பிரித்து, இரண்டையும் கட்டளைக்குள் கொடுத்து, பிறகு ‘பெயர்ட் சமன் ட்ரூ’ எழுதினால் எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும்.

கையால் செய்த கணக்கும் ஆரின் விடையும் ஒத்துப்போகாத இடங்கள் மூன்று உண்டு. மூன்றையும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மாணவருக்கு மென்பொருளில் நம்பிக்கை போய்விடும், அல்லது தன்னில் போய்விடும். நியம விலகல் முதலாவது. உயர்தர இணைந்த கணிதத்தில் தரவின் எண்ணிக்கையால் வகுத்துப் பழகியவர் 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்ணுக்கு 2 என்று விடை எழுதுவார். ஆர் 2.138 என்கும். ஆர் வகுப்பது எட்டால் அல்ல, ஏழால். மாதிரியிலிருந்து குடித்தொகையை மதிப்பிடுவதால் அப்படி. இரண்டாவது ரி-சோதனை. கரும்பலகையில் கற்பிப்பது இரு குழுவின் மாறற்றிறனும் (எண்கள் பரவி நிற்கிற அளவும்) சமன் என்று கொள்கிற முறை. ஆர் சொல்லாமலே எடுத்துக்கொள்வது வெல்ச் முறை. ஸ்லீப் தரவில் சுயாதீனப் படி 18 வர வேண்டிய இடத்தில் 17.776 என்று தசமத்தோடு வருவது அதனால்தான். வெல்ச் முறையே பாதுகாப்பானது, அதையே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் சமன் முறையையும் ஒருமுறை செய்து காட்டிக் கையால் வந்த விடையோடு பொருத்திவிடுங்கள். மூன்றாவது, 2க்கு 2 அட்டவணையில் கை வர்க்கச் (χ²) சோதனை. ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் சேர்த்துவிடும், கையால் செய்தவர் சேர்த்திருக்க மாட்டார். ‘கரெக்ட் சமன் ஃபோல்ஸ்’ (correct = FALSE) என்று கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும்.

சொந்தத் தரவுக்கு வருவோம், இங்கேதான் மென்பொருளின் மதிப்புத் தெரிகிறது. உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 0 முதல் 40. 4ஆம், 5ஆம், 7ஆம், 8ஆம் வினாக்கள் நேர்மறையாகக் கேட்கப்படுபவை, அவற்றைத் திருப்பிப் போட்ட பிறகே கூட்ட வேண்டும். திருப்புவது எளிது: 4இலிருந்து பெறுமானத்தைக் கழி. ஆனால் படிவத்தில் 1 முதல் 5 வரை என்று போட்டுவிட்டால் 6இலிருந்து கழிக்க வேண்டும். எதிலிருந்து கழித்தோம், எந்த வினாக்களைத் திருப்பினோம், ஒரே வினாவை இரண்டு தடவை திருப்பிவிட்டோமா என்பது எக்ஸெலில் ஆறு மாதத்துக்குப் பிறகு எவருக்கும் தெரியாது. ஆரில் அந்த நான்கு வரியும் கட்டளைக் கோப்பில் கிடக்கும். மேற்பார்வையாளர் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுவார்.

திருப்ப மறந்தால் என்ன ஆகும் என்று காட்ட ‘சைக்டூல்ஸ்’ பொதியில் ஒரு நல்ல தரவு இருக்கிறது. ‘பீஎஃப்ஐ’ என்று பெயர். 2800 பேர் 25 ஆளுமை வினாக்களுக்குக் கொடுத்த விடைகள். அதில் இணக்கம் பற்றிய ஐந்து வினாவை எடுத்து, ‘சைக்’ பொதியின் அல்ஃபா கட்டளையைக் கொடுங்கள். முதலாவது வினா திருப்ப வேண்டியது. திருப்பாமல் பார்த்தால் நம்பகத்தன்மை 0.43, திருப்பினால் 0.70. அளவுகோல் கூடாது என்று எறியப் போகிற இடத்தில் பிழை ஒரேயொரு வினாவில்தான் இருந்திருக்கிறது.

கூகிள் ஃபோர்மில் தமிழில் விடை வாங்குகிறவர்கள் இதையும் பாருங்கள். விடைகளை ‘ஒருபோதும் இல்லை, அரிதாக, சிலவேளை, அடிக்கடி, மிக அடிக்கடி’ என்று சொற்களாக வைத்து, அட்டவணையின் அந்த நிரலை ஃபக்ரராக்கி (factor, வகைகளைக் குறிக்கிற மாறியாக்கி) நேரே எண்ணாக மாற்றினால், ஆர் அகரவரிசைப்படி எண் போடும். ‘அடிக்கடி’ 1 ஆகும், ‘அரிதாக’ 2, ‘ஒருபோதும் இல்லை’ 3. வழு எதுவும் வராது. இடை வரும், நியம விலகல் வரும், ரி-சோதனையும் வரும், எல்லாமே குப்பை. சொற்களை வைப்பதென்றால் ஒழுங்கை நாமே எழுதிக் கொடுத்து, வருகிற எண்ணிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். அதைவிட நல்லது, படிவத்திலேயே 0 முதல் 4 வரையான நேர்கோட்டு அளவாகக் கேட்டுவிடுவது.

இதன் மறுபக்கமும் நடக்கும். பட்டணம் 1, கிண்ணியா 2, மூதூர் 3 என்று பதிந்த நிரலை ஆர் வெறும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். கன்னியாவில் ஏழு கிணற்றுக்கும் இலக்கமிட்டால் நாலாவது கிணறு இரண்டாவதைப்போல இரு மடங்கு சூடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா, இந்த இலக்கமும் அப்படித்தான். ஃபக்ரர் என்று அறிவிக்காமல் மாறற்றிறன் பகுப்பாய்வு செய்தால் ஆர் அதை ஒரு நேர்கோடாகப் பொருத்திவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: மூன்று குழுவுக்குச் சுயாதீனப் படி 2 வர வேண்டும், 1 என்று வந்திருந்தால் அறிவிக்க மறந்துவிட்டோம். ஆரோடு வருகிற ‘பிளான்ட்குரோத்’ தரவில் சரியாகச் செய்தால் சுயாதீனப் படிகள் 2உம் 27உம், எஃப் 4.846, பி 0.0159 வரும், அதை வைத்துப் பழக்கலாம்.

தமிழ் எழுத்தை ஆர் எப்படிக் கையாள்கிறது? 2022இல் வந்த 4.2 பதிப்புக்கு முன், விண்டோஸில் தமிழ்ச் சொல்லுக்குப் பதிலாக அம்புக்குறிகளுக்கு நடுவே குறியீட்டு இலக்கங்கள் வருவது சாதாரணம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. எக்ஸெலிலிருந்து சேமிக்கும்போது மட்டும் சாதாரண சீஎஸ்வியைத் தெரிவுசெய்யாமல், யூடிஎஃப்-8 சீஎஸ்வியைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதை மீட்க முடியாது. நிரல் தலைப்புகளைக் குறுகிய ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தமிழைக் கலத்துக்குள் விடுவதே நடைமுறைக்கு நல்லது. வரைபுகளில் தமிழ்த் தலைப்பிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். ‘ராக்’ (ragg) பொதியை நிறுவி, ஆர்ஸ்டூடியோவின் பொது அமைப்பில் வரைகலைக்கு ஏஜீஜீயைத் (AGG) தெரிவுசெய்து, நிர்மலா எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்துகள் ஒழுங்காக இருக்கும். பீடிஎஃப்பாகச் சேமிக்கச் சாதாரணக் கட்டளை தமிழுக்கு உதவாது, கெய்ரோ வகையைப் (cairo_pdf) பயன்படுத்துங்கள்.

வழுச்செய்திகள் ஆங்கிலத்தில் வரும், தமிழ்மொழி மூலம் படித்தவரை அது பயமுறுத்தும். ஆனால் தொடக்கத்தில் வருபவை நாலைந்துதான். பொருள் காணப்படவில்லை என்றால் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அந்த வரியை இயக்கவே இல்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆருக்கு வேறு வேறு. கட்டளை காணப்படவில்லை என்றால் பொதியைத் திறக்க மறந்தாயிற்று. எதிர்பாராத உள்ளீடு என்றால் பெரும்பாலும் வளைந்த மேற்கோள்குறி: வேர்ட்டிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பிய வரியை அப்படியே ஒட்டியதால் வந்தது. ஆகவே கட்டளைகளை வட்ஸ்அப் செய்தியாக அனுப்பாதீர்கள், கட்டளைக் கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள். கீழே கூட்டல் குறி வந்து எதற்கும் அசையாமல் நின்றால், எங்கோ அடைப்புக்குறி மூடவில்லை. எஸ்கேப் விசையைத் தட்டினால் போதும். இடை கேட்டதற்கு ‘என்ஏ’ என்று வந்தால் அது வழுவே இல்லை, யாரோ ஒரு வினாவை விட்டிருக்கிறார்கள்.

மாற்றுகளையும் சொல்லிவிட வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் பழகிய முகம், பழைய விரிவுரைக் குறிப்புகளில் பல அதை வைத்தே எழுதப்பட்டவை. கட்டளைகளை எழுத்தில் வைக்கும் வசதி அதிலும் உண்டு, ஆனால் சொடுக்கி முடிந்தால் யார் அதைத் தேடுவார்கள்? அனுமதிப்பத்திரத்தின் விலை தனிமாணவர் கைக்கு எட்டாது. அதிலிருந்து ஆருக்கு மாறுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரு காரணி மாறற்றிறன் பகுப்பாய்வில் குழுக்களின் அளவு சமமில்லாவிட்டால் இரண்டும் வேறு விடை தரும். ஆரின் அடிப்படைக் கட்டளை முதலாம் வகை வர்க்கக் கூட்டுத்தொகையை எடுக்கிறது, எஸ்பிஎஸ்எஸ் மூன்றாம் வகையை எடுக்கிறது. ‘கார்’ பொதியால் இதைச் சரிசெய்யலாம், முதலாம் வருடத்தில் இதற்குள் இறங்கத் தேவையில்லை.

ஜமோவி இலவசம், ஆரின் மேல் கட்டப்பட்டது, எக்ஸெல் போன்ற முகம். சொடுக்கும்போது பின்னால் ஓடுகிற ஆர் கட்டளையையும் காட்டும். ஜாஸ்ப்பும் அந்த வகைதான், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, பேய்சியன் முறைகளில் அதற்குத் தனிப் பலம். இரண்டு நாள் பட்டறை மட்டும் நடத்தப் போகிறீர்கள் என்றால், அல்லது பாடநெறிக்கு வாரம் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும் என்றால், ஆர் வேண்டாம், ஜமோவியை எடுங்கள். ஆருக்குக் குறைந்தது வாரம் இரண்டு மணித்தியாலம், ஒரு முழுத் தவணை வேண்டும். முதல் மூன்று கிழமை தொடரியல் பிழைகளிலேயே போகும், அதற்குப் பிறகுதான் புள்ளிவிபரம் பேசலாம். இந்தக் கிழமைகளைக் கணக்கில் எடுக்காமல் பாடத்திட்டம் போட்டால், பின்னால் வருகிற பிற்செலவுப் (regression) பகுதியை அரைகுறையாக ஓட்ட வேண்டி வரும்.

வகுப்பில் ஒரு கணினிக்கு இருவர் இருப்பது ஆளுக்கொன்றைவிட நல்லது. ஒருவர் தட்டட்டும், மற்றவர் வாசிக்கட்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். தொடங்கும்போதே ‘டைடிவேர்ஸ்’ என்ற பொதித்தொகுப்பு முழுவதையும் ஏற்ற வேண்டாம்; அதோடு இழுபட்டு வருகிற பொதிகள் நூற்றை நெருங்கும். அடிப்படை ஆரும், ‘சைக்’ பொதியும், வரைபுக்கு ‘ஜீஜீபிளொட்’டும் முதல் தவணைக்குப் போதும். ஆர்ஸ்டூடியோவை மூடும்போது வேலைவெளியைச் சேமிக்கவா என்று கேட்கும். அமைப்பில் அதை ஒருபோதும் வேண்டாம் என்று மாற்றிவிடுங்கள். போன கிழமை செய்த பொருள்கள் நினைவகத்தில் கிடந்தால், இந்தக் கிழமைக் கட்டளைக் கோப்பில் விடுபட்ட வரி வெளியே தெரியாது. ஒப்படை கையளித்து, திருத்துகிறவர் கணினியில் ஓடாதபோதுதான் தெரியும். அதனால் ஒப்படையைப் புள்ளியிடும்போதும் ஒரு விதி போதும்: ஆர்ஸ்டூடியோவை மூடித் திறந்து, கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரை இயக்கினால் வழு இல்லாமல் ஓட வேண்டும்.